அந்த வட்டத்தை முதல்ல தூக்கிப் போடுங்க

'பொருந்துவதை எல்லாம் டிக் செய்யவும்'னு கேள்வியிலேயே எழுதியாச்சு. அப்புறம் எதுக்குய்யா பதிலை வட்டத்துக்குள்ள துண்டு போட்டு, பை சார்ட்டா வெட்டுறீங்க?

நேத்து காரைக்குடியில கூட்டம். ஊருக்கு வர்ற பயணிகள்கிட்ட எடுத்த சர்வே. எதற்காக வந்தீர்கள்? செட்டிநாட்டு வீடு, சாப்பாடு, ஆத்தங்குடித் தரைக்கல், கண்டாங்கிச் சேலை, பிள்ளையார்பட்டி கோயில். திரையில கலர் கலரா வட்டம் வந்து நிக்குது. உடனே ஒருத்தர், "வீடு பார்க்க மூணுல ஒரு பங்குதான் வர்றாங்களா?"ன்னு கவலைப்படுறார்.

அண்ணே, கணக்கைப் பாருங்க. 100 பேர்ல 70 பேர் வீடு, 60 சாப்பாடு, 30 கல், 25 கோயில், 15 சேலைன்னு வச்சுக்குங்க. மொத்த டிக் 200. பை சார்ட் 70ஐ 200ஆல வகுத்து 35 சதவீதம்னு காட்டும். வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கேட்ட வீடு, படத்துல மூணுல ஒண்ணாச் சுருங்கிடும். ஆளை எண்ணணும், டிக்கை எண்ணக் கூடாதுன்னு தொண்டை கிழியக் கத்தினேன்.

அதோட விட்டாங்களா? மெலிசாத் தெரிஞ்ச ஆத்தங்குடித் துண்டைக் காட்டி, "இதுக்கு ஆளே இல்ல, டூர்ல இருந்து எடுத்துடலாம்"னாங்க. வயிறு எரிஞ்சுபோச்சு. பதில் ஷீட்டைத் திறந்து காட்டினேன். ஒருத்தர் போட்ட டிக் எல்லாம் ஒரே கட்டத்துக்குள்ள கமா போட்டு வரிசையா இருக்கு. கல்லுன்னு வர்ற வரியில எல்லாம் பக்கத்துலயே வீடும் இருக்கு. இருக்காதா பின்னே? வீட்டுத் தரையைப் பார்த்து அசந்து போனவங்கதானே, கண்ணாடி மேல சாயச் சிமெண்டை ஊத்தி, சூளையில சுடாம, தண்ணியில ஊறப்போட்டு எடுக்குறதை நேர்ல பார்க்க ஆசைப்படுறாங்க! அந்தச் சேர்க்கைதான் இந்த சர்வேயோட பதிலே. அதைத்தான் பை சார்ட் வெட்டி எறியுது.

"அப்ப வென் வரைபடம் போடுங்க தம்பி"ன்னார் இன்னொரு பெரியவர். ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற வட்டங்களால எது எதோட சேருதுன்னு காட்டுற படம் அது. 1880ல ஜான் வென் எழுதினது, மூணு வட்டம் வரைக்கும் அருமை. நாலு வட்டத்தை எப்படிப் போட்டாலும் எல்லாச் சேர்க்கையும் வராது. நம்ம அஞ்சுக்கு 31 சேர்க்கை. எந்தக் கண்ணு பிரிச்சுப் பார்க்கும்?

இதுக்குன்னே 2014ல அலெக்சாண்டர் லெக்ஸ் குழு அப்செட் வரைபடம் கொண்டுவந்தாங்க. கீழே ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வரிசை; சேர்ந்து வர்ற பதில்களுக்குப் புள்ளி வச்சு, மேலயும் கீழயுமா ஒரு கோடு; அந்தச் சேர்க்கைக்கு எத்தனை பேர்னு மேல ஒரு கம்பம். பெரிய கம்பம் முதல்ல. வீடும் கல்லும் ஒண்ணாப் போறது பார்த்ததுமே தெரிஞ்சிடும். போட்டுக் காட்டினேன். "வட்டம்னாத்தான் தம்பி ஜனங்களுக்குப் புரியும்"னு மறுபடியும் அதே வட்டம். அறிக்கையிலயும் அதுதான் போகுதாம்.

இதுல கூட்டத்துக்குக் கொடுத்த வெள்ளைப் பணியாரம் ஆறிக் கல்லாக் கிடக்கு. தொட்டுக்கக் காரச்சட்னி கூட இல்ல. காரைக்குடியில உக்காந்துக்கிட்டு!