மூடினா தூங்கணும், அவ்வளவுதானே கேட்டேன்?

லேப்டாப் மூடியைச் சாத்தினா அது தூங்கணும். இதைவிடச் சின்ன ஆசை ஒரு மனுஷனுக்கு இருக்க முடியுமா? ஆபீஸ்ல சாத்தி பையில போடுறேன், வீட்டுக்குப் போய்த் திறக்கிறேன், நடுவுல சும்மா கிட. அவ்வளவுதான். அது முடியாதாம். பைக்குள்ள துரைக்குத் தனியா வேலை இருக்காம்.

அந்த வேலை நடக்குறது முதுகு சுடும்போதுதான் நமக்குத் தெரியவரும். அதுவும் மே மாசம் தாம்பரம் போற ரயில்ல நெரிசல்ல நிக்கும்போது, சுடுறது கத்திரி வெயிலா லேப்டாப்பான்னு பிரிச்சுச் சொல்லவே முடியாது. வீட்டுக்கு வந்து ஜிப்பைத் திறந்தா ஃபேன் உய்ய்ய்னு கத்திக்கிட்டிருக்கு. அடிப்பக்கம் கை வைக்க முடியல. கிளம்பும்போது ஃபுல்லா இருந்த சார்ஜ் பாதிக்குக் கீழ. சில நாள் அந்த பாக்கியம்கூட இல்லை, சூடு தாங்காம தானாவே அணைஞ்சு கிடக்கும். சேவ் பண்ணாத எக்செல்லுக்கு அன்னைக்கே காரியம்.

"ஸ்லீப்ல போட்டுத் தூக்கிட்டுப் போகலாமா?"ங்கிற கேள்வி இன்னைக்கு நேத்து கேள்வி இல்லை. ஹார்ட் டிஸ்க் காலத்துலயும் கேட்டாங்க. அப்போ அதுக்கு ஒரு நியாயம் இருந்தது. நிமிஷத்துக்கு 5400 சுற்று சுத்துற தட்டு, அதை ஒட்டினாப்பல மிதந்துகிட்டு டேட்டா படிக்கிற ஹெட். சுத்திக்கிட்டிருக்கும்போது பலமா ஒரு தட்டு தட்டினா தட்டுல கீறல் விழும், டேட்டா போயிடும். அதுக்காகவே ஐபிஎம் 2003ல தங்களோட திங்க்பேட் லேப்டாப்ல ஒரு சென்சார் வச்சாங்க. லேப்டாப் நழுவுதுன்னு தெரிஞ்ச உடனே ஹெட்டை ஓரங்கட்டிடும். ஆப்பிளும் 2005ல அதையே பண்ணினாங்க. அந்தக் காலத்துலகூட லேப்டாப் ஒழுங்கா ஸ்லீப்புக்குப் போயிடுச்சுன்னா டிஸ்க் சுத்துறதே நின்னுடும். தைரியமா தூக்கிட்டு நடக்கலாம்.

இப்போ ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எல்லாம் எஸ்எஸ்டி. உள்ள அசையுற பாகமே கிடையாது. நியாயப்படி பார்த்தா இந்தக் கவலைக்கு இந்நேரம் பால் ஊத்தியிருக்கணும். இந்தப் பக்கம் ஓட்டையை அடைச்சவங்க அந்தப் பக்கம் வேலை மெனக்கெட்டு ஒண்ணு தோண்டியிருக்காங்க பாருங்க, அதுக்குத்தான் வயிறு எரியுது.

விஷயம் இதுதான். 1996ல ஏசிபிஐன்னு ஒரு பொது விதிமுறை வந்தது. கம்ப்யூட்டர் எப்படியெல்லாம் தூங்கலாம்னு அதுல நிலை நிலையா பிரிச்சு எழுதியிருக்கு. முழிச்சிருந்தா எஸ்0. நாம வருஷக்கணக்கா ஸ்லீப்னு நினைச்சுக்கிட்டிருந்தது எஸ்3. எஸ்3ல ராம்ங்கிற தற்காலிக மெமரிக்கு மட்டும் சொட்டு மின்சாரம் போகும், திறந்த வேலை எல்லாம் அப்படியே நிக்கணுமே, அதுக்காக. ப்ராசஸர் அணைஞ்சிடும், ஃபேனுக்கு வேலையே இல்லை. பையில போடு, பரண்ல போடு, சூடுங்கிற பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் விண்டோஸ் செய்ற மைக்ரோசாஃப்ட்காரங்களுக்கு செல்போனைப் பார்த்துப் பொறாமை வந்துடுச்சு. போன் ஸ்க்ரீன் அணைஞ்சிருந்தாலும் மெயில் வருதே, எடுத்த உடனே முழிக்குதே, லேப்டாப் மட்டும் என்ன இளப்பமா? 2012ல விண்டோஸ் 8 கூட கனெக்டட் ஸ்டேண்ட்பைன்னு ஒண்ணு வந்தது. 2015ல விண்டோஸ் 10ல அதையே விரிச்சு மாடர்ன் ஸ்டேண்ட்பைன்னு பேர் வச்சாங்க. இதுல ஸ்க்ரீன் அணையும், ஆனா மெஷின் எஸ்0லயேதான் நிக்கும். ஏட்டுப்படி அது முழிச்சுத்தான் இருக்கு, கண்ணை மட்டும் மூடியிருக்கு. வேலை எதுவும் இல்லைன்னா ப்ராசஸர் ரொம்பக் குறைஞ்ச மின்சாரத்துக்கு இறங்கிக்கும், வேலை வந்தா ஏறும். கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்த "வேலை வந்தா"ங்கிற இடத்துலதான் நம்ம முதுகு வேகுது. அப்டேட் ஒரு வேலை, மெயில் சிங்க் ஒரு வேலை, ஆன்டிவைரஸ் ஒரு வேலை. யாரோ அரைகுறையா எழுதின, வைஃபையை இயக்குற டிரைவர் ப்ரோக்ராம் மெஷினை இறங்கவே விடாம பிடிச்சு வச்சுக்கிட்டிருக்கு பாருங்க, அது பெரிய வேலை.

இதை யாருய்யா கேட்டா? மெயில் பார்க்க பாக்கெட்ல போன் இருக்கு. ரயில்ல, ஜிப் போட்ட பைக்குள்ள, மூடின லேப்டாப்புக்கு மெயில் வந்து யார் படிக்கப் போறா? டிபன் பாக்ஸா?

போன்ல இது நடக்குதுன்னா போன்ல ஃபேன் கிடையாது, உள்ள இருக்கிற சிப்பும் அதுக்குன்னே செஞ்சது. லேப்டாப் சூடு வெளிய போறது அடிப்பக்க ஓட்டை வழியா, இல்ல கீல் பக்கத்து இடுக்கு வழியா. அந்த ரெண்டையும் சுத்தி மெத்தை வச்சு மூடினதுக்குப் பேருதான் லேப்டாப் பை. அடி படாம இருக்கணும்னு நாம காசு கொடுத்து வாங்குற அந்த ஸ்பாஞ்சு, இட்லி ஹாட் பேக் மாதிரி சூட்டைச் சொட்டு விடாம பிடிச்சு வைக்குது. லித்தியம் பேட்டரிக்கு சூடுதான் முதல் எதிரி. அதுலயும் ஃபுல் சார்ஜோட சூடாகிறது ரொம்ப மோசம். தினமும் இப்படி வெந்தா அதோட ஆயுசு சுருங்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பேட்டரி மாத்துற எந்தக் கடையிலயும் கேளுங்க, உப்பிப் போய் டச்பேடையே மேல தள்ளின பேட்டரி எத்தனை பார்த்திருப்பாங்கன்னு. எல்லாமே இதனாலன்னு சொல்ல மாட்டேன். ஆனா இதுக்குப் பங்கே இல்லைன்னு எவனும் என்கிட்ட சாதிக்க வேண்டாம்.

ஆபீஸ் ஐடி டெஸ்க்ல புகார் சொன்னேன். தம்பி ரொம்ப மரியாதையாத்தான் பேசினார். "சார், ஷட் டவுன் பண்ணிட்டு எடுத்துட்டுப் போங்களேன்." ஏன்யா, ஷட் டவுன் பண்ணத் தெரியாமலா நான் இத்தனை வருஷம் குப்பை கொட்டுறேன்? காலையில அதை எழுப்பினா உங்க ஆன்டிவைரஸ் முழிக்கணும், அப்புறம் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள நுழைய விபிஎன், அதுக்கு ஒரு ஓடிபி, அப்புறம் நேத்து விட்ட ஃபைலை எல்லாம் ஒவ்வொண்ணா தேடித் திறக்கணும். டீ ஆறிடும். ஸ்லீப்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சதே இதுக்குத்தானே? இன்னொரு கூத்து என்னன்னா, விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ங்கிற வசதி ஆன்ல இருந்தா நீங்க அமுக்குற ஷட் டவுன்கூட முழு ஷட் டவுன் இல்லை. உள்ளுக்குள்ள கெர்னலை, அதாவது விண்டோஸோட மையப் பகுதியை மட்டும் டிஸ்க்ல எழுதி வச்சுட்டுத்தான் படுக்கும். முழுசா அணைக்கணும்னா ஷிஃப்டை அமுக்கிக்கிட்டே ஷட் டவுனைத் தட்டணும். அதுலயாவது கரண்ட் நிக்குது, சூடு இல்லை, அதனால மன்னிச்சு விடுறேன்.

இதுல ரொம்பக் கடுப்பு எது தெரியுமா? மருந்து அந்த மெஷினுக்குள்ளயே இருக்கு. ஹைபர்நேட். ராம்ல இருக்கிறதை டிஸ்க்ல எழுதிட்டு கரண்டையே விட்டுடும். எக்செல் அப்படியே இருக்கும், சூடு கிடையாது. எஸ்எஸ்டி வேகத்துக்கு அரை நிமிஷத்துக்குள்ள எழுந்துடும். டிஸ்க்ல ராம் அளவுல சுமார் 40 சதவீத இடம் பிடிக்கும், 16 ஜிபி ராம்னா ஆறு ஜிபி சொச்சம். இருக்கட்டுமே. ஆனா இந்த நல்லவனை பவர் மெனுவுல தேடினா இருக்க மாட்டான். கண்ட்ரோல் பேனல் போய், பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் அமுக்கினா என்ன செய்யணும்ங்கிற பக்கத்தைப் பிடிச்சு, "தற்போது கிடைக்காத அமைப்புகளை மாற்று"ன்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அதைத் தட்டினாத்தான் டிக் போடவே விடும். மூடியைச் சாத்தினா ஸ்லீப்புக்குப் பதிலா ஹைபர்நேட்னு மாத்துறதும் அதே பக்கத்துலதான். சொந்த லேப்டாப்னா இன்னைக்கே மாத்திடுங்க. கமாண்ட் ப்ராம்ப்ட்ல "powercfg /a"ன்னு அடிச்சா உங்க மெஷினுக்கு எஸ்3 இருக்கா இல்லையான்னு சொல்லிடும். சில வருஷமா வர்ற பல மாடல்ல இல்லை. மெஷினுக்குள்ளயே பதிஞ்ச அடிப்படை மென்பொருளான பயாஸ்லயே எடுத்துட்டாங்க, கெஞ்சினாலும் கிடைக்காது.

"லினக்ஸ் போடு"ம்பாங்க. பயாஸ்லயே எஸ்3 இல்லைன்னா லினக்ஸ் மட்டும் எங்கிருந்து கொண்டு வரும்? "மேக் வாங்கு"ம்பாங்க. மேக்ல இந்தத் தொல்லை குறைவுதான், ஒத்துக்கிறேன். சிப்பும் அவங்களே, ஓஎஸ்ஸும் அவங்களே. ஆபீஸ்ல குடுக்கிறதைத்தானே நான் தூக்கிட்டு அலைய முடியும்?

ஒரு பெரிய பிராண்டோட சொந்த உதவிக் குறிப்புலயே, ஸ்லீப்ல இருக்கிற லேப்டாப்பைப் பைக்குள்ள போடாதீங்க, சூடாகிடும்னு எழுதியிருந்தாங்க. படிச்சுட்டு எனக்குச் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. பையில போடக் கூடாதுன்னா அதை எதுக்கய்யா மடியில வச்சுக்கிற சைஸ்ல செஞ்சீங்க? விமானத்துக்காரங்க தெளிவா இருக்காங்க. செக்-இன் லக்கேஜ்ல லேப்டாப் போட்டா முழுசா அணைச்சிருக்கணும், ஸ்லீப் செல்லாதுங்கிறது சர்வதேச விதி. கையோட கேபினுக்கு எடுத்துட்டுப் போறதுதான் உத்தமம்னும் சொல்றாங்க. இந்த ஸ்லீப் மேல அவங்களுக்கே நம்பிக்கை இல்லை, நான் மட்டும் நம்பி முதுகுல கட்டிக்கிட்டுத் திரியணும்.

சரின்னு ஆபீஸ் லேப்டாப்லயும் ஹைபர்நேட்டுக்கு மாத்தப் போனேன். அந்த அமைப்பு மங்கலா கிடக்கு. சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறதாம். மூடி சாத்தினா என்ன செய்யணும்ங்கிறதுல நிறுவனத்துக்கு என்ன ரகசியம் வேண்டிக் கிடக்கு? ப்ரோக்ராம் கோடுக்கு பூட்டு போடு, டேட்டாவுக்கு பூட்டு போடு, நியாயம். தூக்கத்துக்குமா பூட்டு?

ஐடி டெஸ்க்ல புகார் டிக்கெட் போட்டேன். மேனேஜர் அப்ரூவல் வேணும்னாங்க, வாங்கினேன். செக்யூரிட்டி டீம் ஒப்புதல் வேணும்னாங்க, அதுக்கும் மெயில் அனுப்பினேன். நேத்து சாயங்காலம் டிக்கெட்டை மூடிட்டாங்க: "சாதனம் வடிவமைத்தபடியே இயங்குகிறது. பையில் வைக்கும் முன் பயனர் ஷட் டவுன் செய்யவும்." காலையில வந்ததும் மறுபடி திறந்துட்டேன். இந்தத் தடவை பிரையாரிட்டி ஹை.