தொண்டையைப் பார்க்காமல் ‘பாட்டை நிறுத்து’ என்று சொல்லாதீர்கள்

கோயில் கொடைவிழாக் காலம் முடியும்போது எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டுக்காரர்களில் பலருக்குத் தொண்டை கட்டியிருக்கும். வீட்டில் பனங்கற்கண்டும் மிளகும் தட்டிக் கொடுப்பார்கள். டாக்டரிடம் போனால் “பாட்டை நிறுத்துங்க” என்ற பதில் வரும். அதிர்ந்து குரலை உண்டாக்குகிற மடிப்புகளான குரல்நாணை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு இதில்தான் கோபம்.

கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் வட்டாரத்தில் என் சித்தப்பா இளம் வயதிலிருந்தே வில்லடிக்கிறார். சுடலைமாடன் கதையை எடுத்தால் விடிய விடியப் பாடுவார். அவருக்குக் குரல் கம்மிப்போய் மாதக்கணக்கில் சரியாகவில்லை. முதலில் பார்த்த டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வயசாச்சு, விட்டுருங்க என்றார். டார்ச் அடித்தால் தெரிவது உள்நாக்கும் டான்சிலும்தான். குரல்நாண் அதற்கும் கீழே, மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கிறது. கண்ணாடியோ, எண்டோஸ்கோப் என்கிற உள்ளே விட்டுப் பார்க்கும் குழாய்க் கருவியோ இல்லாமல் அதைப் பார்க்க முடியாது.

எண்டோஸ்கோப் மட்டும் இருந்தாலும் போதாது. சாதாரணமாகப் பேசும்போதே ஆணின் குரல்நாண்கள் நொடிக்கு நூற்றுச் சொச்சம் முறை மோதி விலகுகின்றன. பெண்ணுக்கு அது 200 வாக்கில் இருக்கும், உச்சத்தில் பாடினால் இன்னும் ஏறும். நொடிக்கு 25, 30 படம் எடுக்கிற வீடியோவில் இது வெறும் மங்கலாகத்தான் தெரியும். அதற்குத்தான் ஸ்ட்ரோபோஸ்கோப். குரலின் வேகத்துக்குச் சற்றே பிந்தி வெளிச்சத்தை விட்டு விட்டு அடிப்பார்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஓடுகிற ஃபேன் சில நேரம் மெதுவாகச் சுற்றுவது போலத் தெரியுமே, அதே கண்கட்டு. வெவ்வேறு அதிர்வுகளிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து ஒட்டிய படம் அது.

ஒரே சீராக அதிர்கிற குரலுக்கு இது நன்றாக வேலை செய்யும். கரகரத்த குரலில் அந்தச் சீரே இல்லை. ஒவ்வொரு அதிர்வும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால் வெளிச்சம் எதைப் பின்தொடர்வது என்று தெரியாமல் தடுமாறும். நோய் முற்றிய தொண்டையில்தான் கருவி கைவிடுகிறது. ஹைஸ்பீடு கேமரா இந்த இடத்தில்தான் உதவுகிறது. நொடிக்கு 4000 படம் எடுத்தால் ஒரு அதிர்வுக்கே இருபது, முப்பது படம் கிடைக்கும். இரண்டு நொடி ‘ஈ’ என்று இழுத்தால் 8000 படம். அதை நொடிக்கு 20 படமாக ஓட்டிப் பார்க்க ஆறரை நிமிடத்துக்கு மேல் ஆகும். குரல் தொடங்கும் கணத்தில் எந்தப் பக்கம் பிந்துகிறது, எந்த இடத்தில் மூடாமல் காற்று கசிகிறது, உடைகிற நேரத்தில் என்ன நடக்கிறது எல்லாம் அதில் தெரியும்.

இந்தப் பார்வையைத் தொடங்கி வைத்தவர் மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் என்பதை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. 1854-இல் பல் வைத்தியர்களின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, வெயிலை அதில் விழச் செய்து, தன் குரல்நாணைத் தானே பார்த்தார். பாடுகிறவனுக்குத் தன் தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று அறியும் ஆசை அன்றே இருந்திருக்கிறது.

அப்புறம், கரகரப்பு என்றாலே கேடு என்கிற எண்ணத்தையும் இந்தக் கேமராக்கள் அசைத்துவிட்டன. குரல்நாணுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு உண்டு, பொய்க் குரல்நாண் என்பார்கள். பேசும்போது அது சும்மா இருக்கும். ரஷ்யாவின் தெற்கு சைபீரியாவில் உள்ள துவா பகுதித் தொண்டைப் பாட்டுக்காரர்களின் கர்கிரா பாணியில் அது குரல்நாணின் பாதி வேகத்தில் அதிர்ந்து ஒரு ஸ்தாயி கீழே ஒலி தருகிறது. ‘குயீன்’ ராக் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரியின் குரலை ஆராய்ந்த குழு, அவரைப் போலவே உறுமிப் பாடும் ஒரு ராக் பாடகரின் தொண்டையை நொடிக்கு 4132 படம் என்று எடுத்தது. குரல்நாண் மூன்று முறை அதிர, பொய்க் குரல்நாண் ஒருமுறை அதிர்ந்தது. அந்த ஆய்வு 2016-இல் வந்தது. உறுமல் பாட்டில் அதற்கும் மேலே உள்ள திசுக்கள் அதிர்வதையும் பதிவு செய்திருக்கிறார்கள். அதாவது காதுக்குக் கிழிந்தது போலக் கேட்கிற குரலுக்குக் கீழே, குரல்நாண் ஒழுங்காகவே வேலை செய்துகொண்டிருக்கலாம். நாணே புண்பட்டும் இருக்கலாம். காது இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

சாமி வரவேண்டிய கட்டத்தில் உடுக்கையும் குடமும் வேகமெடுக்க, பெண்கள் குரவையிட, சித்தப்பா குரலில் ஒரு உறுமல் ஏறும். கேட்கிற நமக்கே உடம்பு சிலிர்க்கும். அது மேல் மடிப்பிலிருந்து வருகிறதா, நாணைத் தேய்த்து வருகிறதா? ராக் பாடகருக்குக் கிடைத்த கேமரா நம் வில்லுப்பாட்டுக்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

சித்தப்பாவைப் பிறகு வேறொரு இடத்தில் ஸ்ட்ரோபோஸ்கோப் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பக்க நாணில் மட்டும் பாலிப், அதாவது சிறு சதை வளர்ச்சி. சிறு அறுவை, அதன் பிறகு பேச்சு சிகிச்சை நிபுணரிடம் பயிற்சி. இப்போது பாடுகிறார். விடியும் வரை இல்லை, பாதிக் கதையைத் தம்பி ஒருவர் எடுத்துக்கொள்கிறார்.

கஷாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறிவிடும். தொண்டைக்கு இதமாக இருக்கும், குடியுங்கள். ஆனால் பாலிப்பை அது கரைக்காது. அடிக்கடி தொண்டையைச் செருமுவது நாண்களை மோதவிட்டு நிலைமையைக் கெடுக்கத்தான் செய்யும்.

கொடைக் கமிட்டிக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மைக் செட்டில் எல்லா ஸ்பீக்கரும் ஜனங்களைப் பார்த்தே இருக்கின்றன. பக்கத்தில் மேளமும் செண்டையும் முழங்க, பாடுகிறவருக்குத் தன் குரலே கேட்பதில்லை. இரைச்சல் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான் என்று லோம்பார்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் 1911-லேயே எழுதிவிட்டார். பாடகரைப் பார்த்து ஒரு சின்ன ஸ்பீக்கர் வையுங்கள். வாணவேடிக்கைக்கு ஆகிற செலவில் அது ஒரு பொருட்டே இல்லை.

முட்டத்திலும் குளச்சலிலும் மீன் ஏலம் கூறுகிறவர்கள், அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கத்துகிற டீச்சர்கள், எல்லாருக்கும் இது பொருந்தும். குரல் கம்மி 4 வாரம் தாண்டினால் காரணம் எதுவானாலும் குரல்நாணைப் பார்த்தே ஆகவேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அந்த 4 வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். குரல்நாணில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் கரகரப்பாகவே முதலில் தலைகாட்டும், அந்த நேரத்தில் பிடித்தால் குணமாக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

ஹைஸ்பீடு கேமரா இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களில்தான் இருக்கிறது. விலையும் அதிகம். சரி, அது வரும்போது வரட்டும். நம் ஊர்களில் கண் சிகிச்சை முகாம் எவ்வளவோ நடக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து, ஆடி மாதக் கொடைகளுக்கு முன்னால் ஒரு குரல் பரிசோதனை முகாம் நடத்தலாம். மனு எழுதி வைத்திருக்கிறேன். வில்லுப்பாட்டுக் குழுக்களில் இருப்பவர்கள், கோயில் பாடகர்கள், சர்ச் கொயரில் பாடுகிறவர்கள் கையெழுத்துப் போட விரும்பினால் உள்பெட்டியில் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.