கண்ணுக்குத் தெரியாத புகை

“புகைபோக்கி உயரம், புகையும் வெள்ளை, எனவே தாமிர உருக்காலை அருகே குடியிருந்தாலும் ஆபத்தில்லை” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் நீராவிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூச்சை அடைக்கும் கந்தக டை ஆக்சைடு வாயுவுக்கு நிறமே கிடையாதே! செம்பு எடுக்கும் சால்கோபைரைட் தாதுவில் செம்பும் கந்தகமும் ஏறக்குறைய சம எடை. உருக்கும்போது அந்தக் கந்தகம் எரிவதால், ஒரு டன் செம்பு எடுத்தால் சுமார் இரண்டு டன் கந்தக டை ஆக்சைடு பிறக்கும். அதில் பெரும்பகுதியை நவீன ஆலைகள் கந்தக அமிலமாக்கிவிடுகின்றன என்பதும் உண்மை. சிக்கல், அமில ஆலைக்குள் போகாமல் நழுவும் வாயுவில்தான். உருகிய உலோகத்தைக் கலம் மாற்றும்போதும், உலையை நிறுத்தித் தொடங்கும்போதும் அது கூரை மட்டத்திலேயே கசியும். உயரமான புகைபோக்கி அங்கே எதற்கு உதவும்?

உயரம் மாசைக் குறைப்பதில்லை, தூரத்துக்கு அனுப்புகிறது. கனடாவின் சட்பரி உருக்காலையில் 1972-இல் இயங்கத் தொடங்கிய 381 மீட்டர் புகைபோக்கி அதைத்தான் செய்தது.

காற்றில் இந்த வாயுவின் ஆண்டுச் சராசரி குறைவு என்று காட்டுவதும் போதாது. ஆஸ்துமா உள்ளவருக்குச் சில நிமிட உச்சமே மூச்சை அடைக்கும். உலக சுகாதார நிறுவனம் 10 நிமிடத்துக்கென்றே கன மீட்டருக்கு 500 மைக்ரோகிராம் என வரம்பு வைத்திருப்பது அதனால்தான். தூசியோடு வரும் ஆர்செனிக், ஈயம் கதை வேறு: அவை மண்ணில் தங்கிவிடும்.