முயல் கேம்

நேற்று ராத்திரி நம் பெற்றோர் குரூப்பில் நடந்தது எல்லாருக்கும் தெரியும், மறுபடி ஓட்டப் போவதில்லை. "பயாலஜி பீரியட்ல முயல் கேம் காட்டுறாங்களாம், இதுக்கா ஃபீஸ் கட்டுறோம்?" என்று ஒரு அப்பா கேட்க, கீழே வரிசையாகக் கைதட்டல். ரொம்ப நன்றி சார்.

அது கேம் இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்தில் இலவசமாகக் கிடைக்கிற, பரிணாமத்தில் இயற்கைத் தேர்வு எப்படி நடக்கிறது என்று காட்டுகிற சிமுலேஷன். முதலில் ஒரே ஒரு வெள்ளை முயல். ஜோடி சேர்த்தால் பெருகும். பழுப்பு நிறத்துக்கு ஒரு சடுதி மாற்றம் (ஜீனில் திடீரென்று வருகிற மாற்றம்) கொடுத்து ஓநாய்களை அவிழ்த்துவிட்டால், மண் தரையில் வெள்ளைதான் அதிகம் மாட்டும். பனியில் பழுப்பு மாட்டும். போன வாரம் கடைசி பெஞ்ச் பெண் ஒருத்தி ஸ்க்ரீனில் விரலை வைத்துக்கொண்டு, "மிஸ், எந்த முயலும் கலர் மாறவே இல்ல மிஸ், பொறக்கும்போதே பழுப்பா இருந்ததுதான் தப்பிச்சிருக்கு" என்றாள். 11 வருஷமாக போர்டில் எழுதி எழுதி என்னால் புரியவைக்க முடியாத விஷயம் அது. பரீட்சைத் தாளில் எல்லாரும் "தேவைப்பட்டதால் மாறிக்கொண்டது" என்றுதான் எழுதுவார்கள்.

நானும் மனப்பாடம் பண்ணி வந்தவள்தான். மெண்டலின் பட்டாணிச் செடிக் கணக்கில் மூணு நெட்டைக்கு ஒரு குட்டை என்கிற 3:1க்குக் கட்டம் போட்டு அஞ்சுக்கு அஞ்சு வாங்கினேன். ஆனால் நாலு பிள்ளை பிறந்தால் அதில் ஒன்று கண்டிப்பாகக் குட்டை என்றுதான் காலேஜ் போகும்வரை நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் நாலு பிள்ளைகள், நான் குட்டை, கணக்கு சரியாகத்தானே இருந்தது! (மனுஷ உயரம் ஒரே ஒரு ஜீன் சமாச்சாரம் இல்லை என்பது தனிக்கதை.) மெண்டல் பட்டாணியில் எண்ணியது 5,474 உருண்டை விதை, 1,850 சுருங்கிய விதை. அவ்வளவு எண்ணினால்தான் 3:1 பக்கத்தில் வந்து நிற்கும். நாலே நாலில் எது வேண்டுமானாலும் வரும். இதைக் காட்ட பள்ளிக்கூட மாடியில் பட்டாணி போடட்டுமா?

"அப்போ பாடம் நடத்த மாட்டீங்களா?" நடத்துகிறேன் சார். சிமுலேஷன் 20 நிமிஷம், மீதியெல்லாம் போர்டும் நோட்டும்தான். "நிஜத்துல இப்படியா நடக்கும்?" என்றவர் நியாயமாகக் கேட்டார். இவ்வளவு சுத்தமாக நடக்காதுதான், அதையும் வகுப்பில் சொல்கிறேன். "நீட்டுக்கு உதவுமா?" என்றவரிடம் பேச எனக்குத் தெம்பில்லை.

லேப்டாப் என்னுடையது, வேளச்சேரியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். நெட் என் போன் ஹாட்ஸ்பாட். உங்கள் ஃபீஸில் ஒரு ரூபாய்கூட அதில் இல்லை. 2023இல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தையே தூக்கினார்களே, அன்றைக்கு இந்தக் குரூப்பில் ஒருத்தராவது வாய் திறந்தீர்களா? நம் ஸ்டேட் போர்டு புத்தகத்தில் பாடம் அப்படியே இருக்கிறது, அதை ஒழுங்காக நடத்தப் போனால் இந்தப் பேச்சு.

நாளைக்குக் கடைசி பீரியட் 10-பி. ஓநாயே இல்லாமல் ஒருதடவை ஓட்டிப் பார்க்கலாமா மிஸ், முயல் எவ்வளவு ஆகும் என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். சார்ஜரைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

கேட்டது உங்கள் பையன்தான் சார்.