முதனப்பி வெறும் துதிபாடியா?

பத்தாம் நூற்றாண்டு அரபுக் கவிஞர் அல்-முதனப்பி காசுக்குப் பாடிய துதிபாடி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காசு வாங்கியது உண்மை, அந்தக் காலத்தில் வாங்காத அரசவைக் கவிஞர் அபூர்வம். ஆனால் சிரியாவின் அலெப்போவில் தன்னை ஆதரித்த ஆட்சியாளர் சைஃப் அத்தௌலாவிடமே குறைசொல்லிப் பாடிய கவிதையைப் படித்துப் பாருங்கள். அதில், குருடனும் என் எழுத்தைப் பார்த்தான், செவிடனுக்கும் என் சொல் கேட்டது. குதிரையும் இரவும் பாலைவனமும் வாளும் ஈட்டியும் தாளும் பேனாவும் என்னை அறியும் என்கிறார். புரவலர் முன்னால் இப்படி மார்தட்டுவதா துதி? அப்புறம் எகிப்தை ஆண்ட காஃபூரைப் புகழ்ந்ததும் பணத்துக்கு மட்டுமல்ல, ஆளுநர் பதவியை எதிர்பார்த்து. கிடைக்கவில்லை, 962இல் அங்கிருந்து தப்பியவர் அதே காஃபூரை வசையால் கிழித்தார். அதில் காஃபூர் முன்பு அடிமையாக இருந்ததையும் அவருடைய கறுப்பு நிறத்தையும் இழுத்தது அசிங்கம். திட்டுவதென்றால் அதற்குத் திட்டுங்கள்.