திங்கட்கிழமை அரண்மனை

(இடம்: பத்மநாபபுரம் அரண்மனைக்கு வெளியே ஒரு மரத்தடி. மே மாதத்துத் திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் இந்த அரண்மனையைக் கேரள அரசுதான் பராமரிக்கிறது என்பதை வெளியூர் விருந்தாளிகளுக்கெல்லாம் விளக்கிச் சொல்லும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு, திங்கள் விடுமுறை மட்டும் பூட்டிய கதவைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வரும். கன்னியாகுமரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த செல்வியுடன் இரண்டு பிள்ளைகள். குலசேகரத்திலிருந்து வந்த லீலாவுடன் மூன்று. லீலா, செல்வியின் கணவருக்குத் தங்கை; செல்வியை ‘மயினி’ (அண்ணி) என்று கூப்பிடுவாள். பிள்ளைகள் ஐவரும் கண்ட மாத்திரத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். பெரியவர்களுக்குத்தான் சிறிது நேரம் பிடித்தது.)

செல்வி: லீலா! நீயா? என்ன இந்தப் பக்கம்?

லீலா: சும்மாதான் மயினி. பிள்ளைகளுக்கு அரண்மனையைக் காட்டலாம் என்று வந்தேன். நீங்கள்?

செல்வி: நானும் அதற்குத்தான். அஜினுக்கு வரலாறு என்றால் உயிர்.

லீலா: அஜினுக்கா? முழுப் பரீட்சையில் வரலாற்றில்தானே அவன்...

செல்வி: அதனால்தான் நேரில் காட்டக் கூட்டி வந்தேன். உள்ளே ஊட்டுப்புரை என்று ஒன்று இருக்கிறது, ஒரே நேரத்தில் 2000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

லீலா: அந்தக் காலத்துச் சமையற்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2000 பேரும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். என் வீட்டில் மூன்றே பேர்தான், பந்தி முடிவதே இல்லை. ஒன்பது மணிக்குத் தோசை. கையைக் கழுவிய ஈரம் காய்வதற்குள், ‘தின்ன என்னம்மா இருக்கிறது?’

செல்வி: அது உங்கள் ஊர்க் காற்றின் குணம். நல்ல பசி எடுக்கும். பக்கத்திலேயே திற்பரப்பு அருவி, பேச்சிப்பாறை அணை, மாத்தூர் தொட்டிப்பாலம். பிள்ளைகளை அவிழ்த்துவிட்டால் போதும், தானாக வளர்ந்துவிடுவார்கள். அஜின் தூக்கத்தில்கூட ‘அத்தை வீடு, அத்தை வீடு’ என்கிறான்.

லீலா: என் பிள்ளைகள் விழித்துக்கொண்டே ‘மாமி வீடு’ என்கிறார்கள் மயினி. கடல், படகு, சூரிய உதயம். உலகமே செலவு செய்து பார்க்க வருகிற இடத்தில், உங்களுக்கு வாசலைத் திறந்தால் போதும்.

செல்வி: சூரிய உதயத்தைப் பற்றி என்னிடம் பேசாதே. லீவு விட்ட மூன்றாம் நாள், நாலரை மணிக்கு இரண்டு பேரையும் எழுப்பிக் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். ஆறு மணி ஆயிற்று. ஆறேகால் ஆயிற்று. மேகம் விலகவே இல்லை. ஆறே முக்காலுக்கு, ஏற்கெனவே பாதி வானம் ஏறிவிட்ட சூரியன் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது. அபிஷா கேட்கிறாள்: ‘அம்மா, நம் மொட்டைமாடிக்குத் தினமும் வருவது வேறு சூரியனா?’

லீலா: வள்ளுவர் சிலையைக் காட்டியிருக்கலாமே? மேகம் மறைக்காது.

செல்வி: காட்டாமலா? முன்பெல்லாம் கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவருக்குப் படகு போகாது, விவேகானந்தர் பாறையோடு கும்பிட்டுத் திரும்பிவிடலாம். 2024 டிசம்பரில் இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்துவிட்டார்கள். அந்தச் சாக்கும் போயிற்று. 77 மீட்டர் பாலம். கடக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

லீலா: அபிஷா பயந்துவிட்டாளா?

செல்வி: அவள் எங்கே பயந்தாள்? நான்தான். காலுக்குக் கீழே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே அலை. ‘கீழே பார்க்காதே அம்மா, வள்ளுவரைப் பார்’ என்று அவள் கையைப் பிடித்து இழுக்கிறாள். பின்னால் நின்ற வரிசை முழுவதும் ‘வள்ளுவரைப் பாருங்கள், வள்ளுவரைப் பாருங்கள்’ என்று சொல்லத் தொடங்கிவிட்டது. பார்த்தேன். அதற்குப் பிறகுதான் வினையே.

லீலா: வள்ளுவரிடம் என்ன வினை?

செல்வி: சிலை மொத்தம் 133 அடி, அதிகாரம் 133 என்று ஆசையாகச் சொன்னேன். பீடம் 38 அடி, அறத்துப்பாலில் 38 அதிகாரம் என்றும் சொல்லித் தொலைத்தேன். அஜின் விரல்விட்டு எண்ணுகிறான். ‘அப்படியானால் காலிலிருந்து 70 அடி பொருள். மிச்சம் 25 அடி இன்பம். அம்மா, இன்பம் வள்ளுவருக்கு எங்கே ஆரம்பிக்கிறது?’ வாத்தியார் போல இருந்த ஒருவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் பார்த்தார். நான் படகுத்துறைக்கு இறங்கிவிட்டேன்.

லீலா: அறிவுள்ள பிள்ளை மயினி. அந்த அறிவை என் வீட்டுக்கு அனுப்பினால்...

செல்வி: அனுப்புகிறேன்.

லீலா: ...மனசு நிறைந்துவிடும் என்று சொல்ல வந்தேன். ஆனால் என் வீட்டில் ஆபத்து அதிகம். மாத்தூருக்குப் போன கதை தெரியுமா? 115 அடி உயரத்துப் பாலம். ஒரு பக்கம் தொட்டி, மறுபக்கம் கைப்பிடிச் சுவர், நடுவில் ஒற்றையடிப் பாதை போல ஒரு நடைபாதை. கொச்சுவை நான் கையில் பிடித்திருக்கிறேன். விபினும் நிபினும் முன்னால் நடக்கிறார்கள். ‘கனமான செருப்பு முதலில் விழுமா, லேசான செருப்பு முதலில் விழுமா?’ என்று அவர்களுக்குள் பேச்சு. ஏதோ பாடம் பேசுகிறார்கள் என்று நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டு போகிறேன்.

செல்வி: போட்டுவிட்டார்களா?

லீலா: ஆளுக்கு ஒன்று. மீதி ஒவ்வொரு செருப்போடு இரண்டு பேரும் நொண்டிக்கொண்டே வீடு வந்தார்கள். எது முதலில் விழுந்தது என்ற சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை. இன்னொரு முறை போய்ப் பார்க்க வேண்டுமாம், என்னுடைய செருப்போடு.

செல்வி: வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? சுற்றிலும் ரப்பர் தோட்டம், நல்ல நிழல்.

லீலா: ரப்பர் தோட்டம்! நல்ல வேளை, ஞாபகப்படுத்தினீர்கள். ரப்பர் மரத்தில் வெட்டிய கோட்டில் பால் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும், ஒட்டுப்பால். அதன் நுனியை நகத்தால் நெம்பி இழுத்தால் நாடா போல ஒரே இழையாக உரிந்து வரும். அதைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்கிறார்கள். முதல் நாள் கோலிக்குண்டு அளவு இருந்தது. நாலாம் நாள் எலுமிச்சம்பழம். இப்போது தேங்காய். தரையில் போட்டால் ஓட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. தோட்டக்காரர் வந்து, ஒட்டுப்பாலும் கிலோக் கணக்கில் விற்கிற சரக்குதான் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை அது அயிலைக் குழம்புச் சட்டிக்குள் இறங்கியது.

செல்வி: ஐயோ, சட்டி?

லீலா: சட்டி போகட்டும். பந்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சமையலறை, படுக்கையறை, பூஜையறை என்று பாகுபாடு இல்லாமல் மீன்குழம்பு வாசனையோடு துள்ளிக்கொண்டிருக்கிறது.

செல்வி: உன் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லையா?

லீலா: ‘நீ போ, நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்பார். சொன்ன சொல் தவற மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். என் அண்ணன் எப்படி?

செல்வி: அவர் நின்றுகொண்டு பார்ப்பார். அதுதான் வித்தியாசம். போன வாரம் ரயில் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். திப்ருகர் போகும் வண்டி நின்றது. இந்தியாவிலேயே அதிக தூரம் ஓடும் ரயில் இதுதான், 4000 கிலோமீட்டருக்கும் மேலே, அசாம் வரை என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் இரண்டும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டன. இறங்க மாட்டோம் என்று ஒரே பிடிவாதம்.

லீலா: அப்புறம்?

செல்வி: எனக்குப் போன் செய்து என்ன செய்யட்டும் என்று கேட்டார். போய்ச்சேர மூன்று நாளுக்கு மேல் ஆகுமாமே லீலா. நான் உடனே பதில் சொல்லவில்லை. பெற்றவள் அப்படி யோசிக்கக் கூடாதுதான்.

லீலா: திரும்பி வரவும் மூன்று நாள் ஆகும் மயினி. மொத்தம் ஒரு வாரம்.

(இருவரும் வடக்குத் திசையைச் சிறிது நேரம் பார்க்கிறார்கள்.)

செல்வி: அத்தை வீட்டில் விடலாம் என்றால்...

லீலா: என் அம்மாவா? பள்ளிக்கூடம் அடைக்கிற தேதி நமக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். ஏப்ரல் முடிந்தால் முழங்கால் வலி. வைத்தியசாலையில் படுத்து எண்ணெய் போட்டுக்கொள்கிறாள். ஜூனில் மழையும் பள்ளிக்கூடமும் தொடங்கினால் எழுந்து நடக்கிறாள்.

செல்வி: அனுபவசாலி. அது கிடக்கட்டும், அந்தப் பை என்ன இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

லீலா: எந்தப் பை?

செல்வி: நீ புடவை முந்தானையால் மறைத்துவைத்திருக்கிறாயே, அந்தப் பை.

லீலா: அதுவா? உங்களுக்காக ஒரு சீப்பு மட்டிப்பழம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பழம், வழியில் பார்த்தேன், வாங்கினேன்.

செல்வி: என்னை இங்கே சந்திப்போம் என்று தெரியாமலே எனக்காக வாங்கினாயா?

லீலா: ...

செல்வி: பழத்துக்குக் கீழே மூன்று பல்துலக்கும் பிரஷ் தெரிகிறதே. அரண்மனையைப் பார்க்கப் பல் துலக்க வேண்டுமா?

லீலா: உங்கள் பையில் மட்டும் என்னவாம்? அபிஷாவின் போர்வை வெளியே தொங்குகிறது. இந்த மே மாத வெயிலில் போர்வை எதற்கு மயினி?

செல்வி: சரி. மறைத்து என்ன ஆகப் போகிறது. இங்கிருந்து நேராக உன் வீட்டுக்கு வந்து, ‘ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்’ என்று சொல்லி, காப்பி குடித்து, பிள்ளைகள் விளையாட்டில் இருக்கும்போது பின்வாசல் வழியாகப் போய்விடலாம் என்றிருந்தேன்.

லீலா: பின்வாசலா? உங்கள் வீட்டில் பக்கவாசல் என்று நான் நினைத்துவைத்திருந்தேன்.

செல்வி: உனக்கு அந்த ஒரு வாரத்தில் என்ன செய்ய ஆசை?

லீலா: ஒன்றும் செய்ய வேண்டாம். சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்க வேண்டும். ஏப்ரலிலிருந்து அது ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்றே தெரியவில்லை.

செல்வி: வெளிப்படையாகவே பேசிவிடுவோம். இந்த வாரம் என் இரண்டும் உன்னிடம். அடுத்த வாரம் உன் மூன்றும் என்னிடம்.

லீலா: இந்த வாரம் என் மூன்றும் உங்களிடம், அடுத்த வாரம் உங்கள் இரண்டும் என்னிடம் என்று வைத்தால் என்ன?

செல்வி: இந்த வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

லீலா: வித்தியாசம் இல்லை என்றால் இந்த வாரமே வைத்துக்கொள்ளுங்களேன்.

செல்வி: கணக்கு இடிக்கிறது. நான் கொடுப்பது இரண்டு, நீ கொடுப்பது மூன்று.

லீலா: கொச்சுவைக் கணக்கில் சேர்க்காதீர்கள் மயினி. ஐந்து வயது வரை பஸ்ஸிலேயே டிக்கெட் கிடையாது. அரசாங்கமே எண்ணாத ஆளை நீங்கள் ஏன் எண்ணுகிறீர்கள்?

செல்வி: அவனுக்கு ஐந்தாவது பிறந்தநாள் கார்த்திகையில் வந்ததே! கேக்கு நானும்தானே தின்றேன்?

லீலா: பஸ்ஸுக்கு வெளியே ஐந்தரை. பஸ்ஸுக்குள்ளே நாலு.

செல்வி: என் வீடு பஸ் இல்லை லீலா. வேண்டாம். அவரவர் பிள்ளையை அவரவர் கூட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போவோம். இன்னும் மூன்றே வாரம். அஜின்! அபிஷா! அந்த மதிலிலிருந்து இறங்குங்கள்! ஐந்து பேரும் கூடி என்ன ரகசியம் பேசுகிறீர்கள்?

(தக்கலை பேருந்து நிலையம். நாகர்கோவில் பஸ்ஸும் குலசேகரம் பஸ்ஸும் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் முன்வாசல் வழியாக ஏறினார்கள். தாய்மார் பையும் பழமுமாகப் பின்வாசலில் தொற்றினார்கள். எந்தத் தலை எந்த பஸ்ஸில் என்று பார்க்க அந்த நெரிசலில் யாருக்கு நேரம்? ஐந்து நிமிடம் கழித்துப் போன் அடித்தது.)

செல்வி: லீலா! என் மடியில் உட்கார்ந்திருப்பது யார் தெரியுமா?

லீலா: நானே கூப்பிட இருந்தேன். இங்கே அஜின் என் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அத்தை, ஒட்டுப்பால் எந்த மரத்தில் நிறைய இருக்கும்?’ என்று கேட்கிறான். அபிஷா போர்வையை விரித்துவிட்டாள்.

செல்வி: விபினும் நிபினும் எனக்கு முன் சீட்டில் இருக்கிறார்கள். பையையும் சரியாக எடுத்துக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். அதற்குள்ளிருந்து என்னவோ மீன் வாசனை அடிக்கிறது லீலா.

லீலா: பந்தையா கொண்டுவந்திருக்கிறார்கள்? மயினி, உங்கள் வீட்டில் கண்ணாடி அலமாரி இருக்கிறது, இல்லையா?

செல்வி: சிரிக்காதே. நாம் பேசியதையெல்லாம் மதில்மேல் இருந்து கேட்டிருக்கிறார்கள்.

லீலா: எல்லாவற்றையுமா?

செல்வி: இரு, கண்டக்டர் வருகிறார். கொச்சுவின் வயதைக் கேட்கிறார்.

லீலா: நாலு என்று சொல்லச் சொல்லுங்கள்!

செல்வி: நான் வாயைத் திறப்பதற்குள் அவனே எழுந்து நின்று பதில் சொல்லிவிட்டான்.

லீலா: நாலு என்றுதானே?

செல்வி: ‘பஸ்ஸுக்குள்ளே நாலு, பஸ்ஸுக்கு வெளியே ஐந்தரை’ என்று.