ஃபார்மட் செய்வதற்கு முன்பு அந்தச் சின்ன அட்டையைப் பாருங்கள்

வைஃபை வரவில்லை என்று ஒரு பழைய மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டு போனால், எங்கள் சேலத்தில் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் கிடைக்கிறது. "ஃபார்மட் பண்ணிடலாங்க, சரியாயிடும்" என்பது ஒன்று; அதாவது கோப்புகள் இருக்கும் வட்டை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. "போர்டு போயிடுச்சுங்க, இனி இதுக்குச் செலவு பண்ணாதீங்க" என்பது மற்றொன்று. சில நேரங்களில் இவை சரியான பதில்களாகவே இருக்கலாம். ஆனால் ஐந்து நிமிடச் சோதனைகூடச் செய்யாமல் இந்தப் பதில்களைச் சொல்வது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. போன மாதம் என் அக்கா வீட்டில் நடந்ததை வைத்தே இதை எழுதுகிறேன்.

அக்கா குடும்பம் ஏற்காடு நாகலூரில் இருக்கிறது. அக்கா மகன் 2014இல் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அவர்கள் வீட்டில் இருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தால்தான், எங்கள் உறவில் பல வீடுகளுக்குள் முதன்முதலாக ஒரு கணினி நுழைந்தது. மகன் படித்து முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு, அது மர பீரோவுக்குள் இரண்டு ஆண்டுகள் சும்மா கிடந்தது. இப்போது குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் மகள் அதை வெளியே எடுத்தபோது, எல்லாம் வேலை செய்தது, வைஃபை மட்டும் இல்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து சேலத்தில் ஒரு கடையில் கொடுத்தார்கள். கடைக்காரர் ஃபார்மட் செய்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றி, பணத்தையும் வாங்கிக்கொண்டு, "வைஃபை கார்டு டிடெக்ட் ஆகலைங்க, போர்டுலதான் பிரச்சினை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவளுடைய அண்ணனின் கல்லூரிக் காலப் படங்களும் புராஜெக்ட் கோப்புகளும் அதற்குள் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரர் கேட்கவில்லை. இவர்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இதில் எனக்கு ஆற்றாமை தருவது பண நஷ்டம்கூட அல்ல. கார்டையே கணினி கண்டுகொள்ளவில்லை என்றால், எத்தனை முறை விண்டோஸை மாற்றி ஏற்றினாலும் அது கண்டுகொள்ளப்போவதில்லை என்ற எளிய உண்மையை, வட்டை அழிப்பதற்கு முன்பே யோசித்திருக்கலாம்.

நெட்வொர்க் பழுது என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் நான்கைந்து வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. கார்டு கணினியின் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லாமல் இருக்கலாம். டிரைவரும் இருந்து, அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். அதுவும் சரியாக இருந்து, வீட்டு ரவுட்டரை மட்டும் பார்க்க முடியாமல் இருக்கலாம். ரவுட்டரோடு இணைந்த பிறகும் இணையப் பக்கங்கள் திறக்காமல் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் மருந்து கொடுப்பதால்தான் காசும் கோப்புகளும் வீணாகின்றன.

முதல் சோதனைக்குத் தேவையான கருவி எல்லார் கையிலும் இருக்கிறது. கைப்பேசியைச் சார்ஜர் கேபிள் வழியாக மடிக்கணினியோடு இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில் யூ.எஸ்.பி டெதரிங் என்பதை இயக்கினால், மடிக்கணினி அந்தக் கைப்பேசியைக் கம்பி வழி நெட்வொர்க் கார்டு ஒன்றைப் போலவே எடுத்துக்கொள்ளும். அப்படி இணையம் வந்துவிட்டால், இயங்குதளத்திலும் பிரவுசரிலும் பெரிதாகக் கோளாறு இல்லை, சிக்கல் வைஃபை கார்டின் பக்கம்தான் என்று பிரித்தறிந்துவிடலாம். டிரைவர் இல்லாமல் போயிருந்தால் அதைத் தரவிறக்கவும் இதே வழிதான் கை கொடுக்கும்.

இரண்டாவது, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒன்றை, லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை, ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கிப் பார்ப்பது. இன்ஸ்டால் செய்யாமல் இயக்கிப் பார்க்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், உள்ளே இருக்கும் வட்டில் ஓர் எழுத்துகூட மாறாது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் என்ற சாளரத்தில் 'எல்எஸ்பிசிஐ' (lspci) என்ற கட்டளையைக் கொடுத்தால், போர்டோடு பேசிக்கொண்டிருக்கும் கார்டுகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கூடவே எண்களையும் காட்டச் சொன்னால், ஒவ்வொன்றையும் செய்த நிறுவனத்தின் அடையாள எண்ணும் தெரியும். இன்டெல் கார்டு என்றால் அந்த எண் 8086. 1978இல் வெளிவந்த அவர்களுடைய புகழ்பெற்ற புராசசரின் பெயரையே அடையாள எண்ணாகவும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வட்டில் உள்ள விண்டோஸ் கெட்டுப்போயிருக்கிறதா, கார்டு கெட்டுப்போயிருக்கிறதா என்ற கேள்விக்கு இந்தச் சோதனை ஏறக்குறைய நேரடியாகப் பதில் சொல்லிவிடும். ஃபார்மட் செய்வதற்கு ஆகும் நேரத்தில் கால் பங்குகூட இதற்கு ஆகாது.

அக்கா வீட்டு மடிக்கணினியில் இந்தக் கட்டளையைக் கொடுத்தபோது, கம்பி வழி ஈதர்நெட் கார்டு பட்டியலில் வந்தது. வைஃபை கார்டு வரவே இல்லை. கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்பில் அது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. ஆகவே பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடியவிட்டு, அடி மூடியைத் திறந்தேன்.

அந்தக் காலத்து மடிக்கணினிகளில் வைஃபை கார்டு என்பது மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வகையைச் சேர்ந்த ஒரு சின்ன அட்டை. அகலம் 30 மில்லிமீட்டர். முழு அளவு அட்டையின் நீளம் 51 மில்லிமீட்டரை ஒட்டியும், அரை அளவு அட்டையின் நீளம் 27 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். ஓர் ஓரத்தில் 52 தொடுமுனைகள், மறு ஓரத்தில் இரண்டு சின்னத் திருகுகள். மேலே மிளகை விடச் சிறிய இரண்டு பித்தளை நிற வட்டங்களில், பெரும்பாலும் கறுப்பிலும் வெள்ளையிலும் இரண்டு மெல்லிய ஒயர்கள் மாட்டப்பட்டிருக்கும். அந்த ஒயர்கள் கீல் வழியாக ஏறி, திரையின் சட்டத்துக்குள் இருக்கும் ஆன்டெனாக்களுக்குப் போகின்றன. ஆன்டெனா மேலே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. மூடியைத் திறந்து திறந்து மூடும் கீலில் அந்த ஒயர் அறுந்துவிட்டாலோ, கீழே உள்ள முனை கழன்றுவிட்டாலோ, ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் சிக்னல் கிடைக்கும், அடுத்த அறைக்குப் போனால் போய்விடும். இந்த அறிகுறியைக் கண்டால் டிரைவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இந்த முனைகளைச் சுமார் 30 முறை மாட்டிக் கழற்றுவதற்கே வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே நகத்தால் நெம்பாமல், நேர் மேலாகத் தூக்க வேண்டும். மாட்டும்போது நேராக வைத்து, மெல்லிய 'டிக்' என்ற சத்தம் வரும் வரை விரலால் அழுத்த வேண்டும்.

இரண்டு திருகுகளையும் எடுத்ததும் அட்டை சாய்வாக எழும்பி நின்றது. அதை இழுத்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பொன்னிறமாக மின்ன வேண்டிய தொடுமுனைகளில் ஏழெட்டு, புகை படிந்ததுபோல் மங்கியிருந்தன. ஓரத்தில் இருந்த இரண்டின் மேல் வெளிர் பச்சைப் பூப்பு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பகலிலும் மூடுபனி வீட்டுக்குள் வந்துபோகும் ஊர் அது. தோல் செருப்பைப் பத்து நாள் போடாமல் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும் என்று அக்கா எப்போதும் சொல்லுவார். அந்த ஈரத்தில் இரண்டு ஆண்டுகள் சூடேறாமல் கிடந்தால், தங்கப் பூச்சு தேய்ந்த இடங்களில் அடியில் இருக்கும் உலோகம் இப்படித்தான் ஆகும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் இருப்பவர்களுக்கு, சும்மா கிடக்கும் உலோகம் நிறம் மாறுவதை நான் விளக்க வேண்டியதில்லை.

பலரும் பென்சில் அழிப்பானால் தேய்ப்பார்கள். நானும் முன்பு அப்படிச் செய்ததுண்டு. இப்போது கூடிய மட்டும் தவிர்க்கிறேன். அழுத்தித் தேய்த்தால் இருக்கிற தங்கப் பூச்சும் போய்விடும், ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்து புதிய தொல்லையும் கொடுக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சு முனையில் தொட்டு, இரண்டு பக்கமும் மூன்று நான்கு முறை துடைத்தேன். பச்சைப் பூப்பு இருந்த இரண்டு முனைகளுக்கு மட்டும் அழிப்பானை மிக மெதுவாகப் பயன்படுத்தி, மறுபடி துடைத்தேன். ஸ்லாட்டின் பற்களைப் பழைய மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்து, ஒரு மணி நேரம் உலரவிட்டு மாட்டினேன். பென் டிரைவிலிருந்து மறுபடி தொடங்கி அதே கட்டளையைக் கொடுத்தேன். இம்முறை பட்டியலின் கடைசி வரியில் வைஃபை கார்டு வந்து நின்றது. போர்டு போய்விட்டது என்று சொல்லப்பட்ட கணினி அது.

ஆனாலும் அப்போதே வைஃபை வேலை செய்துவிடவில்லை. 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' (rfkill list) என்ற கட்டளை, கார்டு கடின நிலையில் தடுக்கப்பட்டிருப்பதாகக் காட்டியது. மென்பொருள் போடும் தடை, கருவி போடும் தடை என்று இரண்டு வகை உண்டு. இரண்டாவது வகையை எந்த மென்பொருளாலும் நீக்க முடியாது. முன் விளிம்பில் இருந்த சின்னத் தள்ளு சுவிட்சை யாரோ அணைத்துவிட்டிருந்தார்கள், தள்ளினேன், சரியாயிற்று. அந்தச் சுவிட்ச் அட்டையின் 20ஆவது தொடுமுனை வழியாகத்தான் கட்டளை அனுப்புகிறது. சுவிட்சே உடைந்துபோனவர்கள் அந்த ஒரு முனையை மட்டும் மெல்லிய காப்பு நாடாவால் மறைத்துச் சமாளிப்பதுண்டு. கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தாங்களாக முயல வேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாகலூருக்கு எடுத்துப் போனேன். அங்கே இன்னொரு சங்கதி காத்திருந்தது. பக்கத்து வீட்டு வைஃபையின் பெயர் திரையில் தெரிகிறது. சொந்த வீட்டு வைஃபையின் பெயர் தெரியவில்லை. "மாமா, மறுபடியும் கெட்டுப்போச்சா?" என்று அக்கா மகள் முகம் வாடிக் கேட்டாள். "இல்ல கண்ணு, அடுத்த வீட்டைப் பாக்குற கண்ணுக்கு நம்ம வீடு தெரியலைன்னா கண்ணு மேல தப்பில்ல" என்றேன். அந்தக் கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸில் வரும் எதுவும் அதன் பார்வைக்கே வராது. ரவுட்டர் 2.4இலும் ஒலிபரப்பிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அந்த அலைவரிசையின் உட்பிரிவுகளில் ஒன்றான 13ஆவது சேனலில். பழைய கார்டுகள் பலவும் 1 முதல் 11 வரையிலான சேனல்களை மட்டுமே தேடும்படி அமைக்கப்பட்டவை. கைப்பேசிகளுக்கு 13ஆவது சேனலும் தெரியும் என்பதால் வீட்டில் யாருக்கும் குறை தெரியவில்லை. ரவுட்டர் அமைப்பில் சேனலை 6 என்று மாற்றியதும் பெயர் வந்துவிட்டது. இதேபோல், 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பை மட்டும் ஏற்கும்படி ரவுட்டரை வைத்திருந்தால், பழைய கார்டு பெயரைப் பார்த்தும் இணைய முடியாமல் திணறக்கூடும், டபிள்யூ.பி.ஏ.2வையும் அனுமதித்தால் போதும்.

இணைந்த பிறகு எல்லாத் தளங்களும் பாதுகாப்பு எச்சரிக்கையைக் காட்டின. தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது; போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்திருந்ததே காரணம். தேதியைத் திருத்தியதும் தளங்கள் திறந்தன. பேட்டரியைப் பிறகு மாற்றினேன்.

கார்டு உண்மையிலேயே செத்துப்போயிருந்தால்? பழைய மடிக்கணினிகளைப் பிரித்து விற்பவர்களிடம் இதே வகைக் கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்குவதற்கு முன்பு பழைய கார்டின் லேபிளில் உள்ள எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து மடிக்கணினிகள் சிலவற்றில், பயாஸ் தனக்கு அறிமுகமான கார்டுகளை மட்டுமே ஏற்கும். வேறு கார்டைப் போட்டால் தொடக்கத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும். அந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு விரல் நுனி அளவு யூ.எஸ்.பி வைஃபை டாங்கிள் போதும். அது தாழ்ந்த வழி என்று நான் நினைக்கவில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்த பிறகு, நன்றாக ஓடும் எத்தனையோ கணினிகள் மூலைக்குப் போகும் இந்த நேரத்தில், ஒரு டாங்கிளும் லினக்ஸும் சேர்ந்து ஒரு மாணவிக்குக் கணினியைத் திருப்பிக் கொடுக்குமானால், அதுவே எனக்குப் பெரிது.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஃபார்மட்டுக்கு இவ்வளவு, ஓ.எஸ். போட இவ்வளவு என்று எல்லாக் கடையிலும் ஒரு விலை இருக்கிறது. பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதற்கு மட்டும் விலை இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து, "கார்டு தொடுமுனையில் அழுக்கு, துடைத்துவிட்டேன்" என்று உண்மையைச் சொல்லும் பையனிடம், "துடைச்சதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்கிறவர்கள் நாம்தான். அதே பையன் ஃபார்மட் செய்தேன் என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். இந்த நிலையில் அவன் எதைச் செய்யப் பழகுவான்? கண்டுபிடிப்பதற்கு ஒரு கட்டணத்தைக் கடைகள் வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும், நாம் அதை முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். பில்லில் எந்தப் படியில் பழுது இருந்தது என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். வட்டைத் தொடுவதற்கு முன்பு, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டு, வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்க வேண்டும்.

அக்கா மகனின் கோப்புகளைப் பொறுத்தவரை, அந்த வட்டில் மேற்கொண்டு எதுவும் எழுதப்படாமல் இருக்கக் கழற்றி எடுத்துவிட்டு, மகளுக்கு வேறு ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. வட்டு போட்டுக் கொடுத்தேன். மீட்பு மென்பொருளை இரண்டு இரவுகள் ஓடவிட்டதில் கல்லூரிப் படங்களில் ஒரு பகுதி திரும்பியிருக்கிறது. புராஜெக்ட் கோப்புகள் இன்னும் கிடைக்கவில்லை. வட்டு என் மேசையில்தான் இருக்கிறது. வரும் வாரம் இன்னொரு முறை முயல இருக்கிறேன்.